ஓர் அலகு இன்சுலின்: சேர் பிரெட்ரிக் பான்டிங்கின் வாழ்க்கை

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இரண்டு இன்சுலின் போத்தல்கள் இருக்கின்றன. ஒன்று உம்மம்மாவுடையது. மற்றையது மணியுடையது. மணி எங்கள் வீட்டுப் பூனை. இரண்டும் மாறிவிடக் கூடாது என்பதற்காக மணியின் போத்தலில் உம்மா ஒரு துண்டு பிளாஸ்ரர் ஒட்டி, அதில் பூனை என்று பேனையால் எழுதி வைத்திருக்கிறார்.

பூனைக்கும் சீனி வருத்தம் வரும் என்பது கடந்த வருடம் வரை எங்களுக்குத் தெரியாது. பத்து வயதைக் கடந்த, நன்றாகக் கொழுத்திருந்த மணி திடீரென்று தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகராமல் குடிக்கத் தொடங்கியது. வைத்த சாப்பாட்டையெல்லாம் சாப்பிட்டும் மெலிந்தது. பின்னங்கால்களின் நுனியில் நடப்பதை விட்டு, குதிகால் வரை நிலத்தில் பதித்து நடந்தது. மிருக வைத்தியர் இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்துவிட்டு, காலையில் ஓர் அலகும் மாலையில் ஓர் அலகும் இன்சுலின் ஏற்ற வேண்டும் என்றார். உம்மம்மாவுக்கு ஒரு வேளைக்கு 14 அலகு. மணிக்கு ஒன்று. சிரிஞ்சில் அது ஒரு சிறிய கோடு மட்டுமே.

அந்தக் கோட்டின் அருமை ஒரு மழைநாள் மாலையில்தான் எனக்கு விளங்கியது. ரியூசன் வகுப்புக்கு நேரமாகிவிட்டது. மணி சாப்பிட்டதா என்று பார்க்காமல் நானே அவசரமாக ஊசியை ஏற்றிவிட்டுப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அது அலுமாரிக்கு அடியில் கிடந்தது. எழும்பப் பார்த்துத் தள்ளாடி விழுந்தது. உம்மம்மாவின் கருவியால் காது நுனியில் குத்திப் பார்த்தோம். 41 காட்டியது. உம்மா வைத்தியருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, தேனை விரலில் எடுத்து அதன் ஈறில் தேய்த்துக்கொண்டே இருந்தார். விழுங்கத் தெரியாத நிலையில் வாய்க்குள் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று வைத்தியர் எச்சரித்திருந்தார். அரை மணித்தியாலத்துக்குள் மணி தலையைத் தூக்கியது. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. உயிரைக் காக்கும் மருந்தும் உயிரை எடுக்கும் நஞ்சும் ஒரே போத்தலில் இருக்கின்றன, இரண்டையும் பிரிப்பது ஒரு கோடுதான் என்றால், அந்தக் கோட்டை முதலில் போட்டவர் யார்? இக்கேள்விக்கு விடை தேடியபோதுதான் சேர் பிரெட்ரிக் பான்டிங் என்ற மனிதரின் வாழ்க்கையைப் படித்தேன். எமது உயிரியல் பாடப்புத்தகத்தில் ஓரிரு வரிகளில் கடந்துபோகும் பெயர் அது.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அலிஸ்டன் என்னும் சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணை வீட்டில் 1891 நவம்பர் 14ஆம் திகதி பான்டிங் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. மாடுகளோடும் குதிரைகளோடும் வளர்ந்த பிள்ளை. படிப்பில் கெட்டிக்காரர் என்று எவரும் அவரைச் சொல்லவில்லை. மகன் ஒரு மதபோதகராக வருவான் என்று பெற்றோர் எதிர்பார்த்தனர். 1910இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் கலைப் பிரிவில் சேர்ந்தார். முதலாம் வருடமே தவறினார். அதன் பின் 1912இல் மருத்துவ பீடத்துக்கு மாறினார். இன்று உலகம் முழுவதும் நீரிழிவு தினமாக நினைவுகூரப்படும் நவம்பர் 14, பரீட்சையில் தோற்ற ஒரு மாணவரின் பிறந்தநாள் என்பதை உயர்தரப் பரீட்சையை எதிர்நோக்கியிருக்கும் எங்களைப் போன்றவர்கள் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

அப்போது முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. வைத்தியர்கள் அவசரமாகத் தேவைப்பட்டதால் மருத்துவப் படிப்பைச் சுருக்கி 1916இல் பட்டம் கொடுத்தார்கள். பான்டிங் இராணுவ வைத்தியராகக் கடல் கடந்து போனார். 1918இல் பிரான்சின் கம்பிறே நகருக்கு அருகே நடந்த சண்டையில் குண்டுச் சிதறல் அவருடைய வலது கையைக் கிழித்தது. அப்படியிருந்தும் பல மணித்தியாலங்கள் காயப்பட்ட படைவீரர்களுக்குச் சிகிச்சை அளித்துக்கொண்டிருந்தார். அதற்காக இராணுவச் சிலுவை என்ற வீரப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

போரிலிருந்து திரும்பிய வீரருக்கு வேலை கிடைக்கவில்லை. ரொறன்ரோவின் சிறுவர் வைத்தியசாலையில் சிறிது காலம் சத்திரசிகிச்சை பயின்றார். நிரந்தரமான இடம் அமையவில்லை. 1920 ஜூலையில் ஒன்ராறியோவிலுள்ள லண்டன் என்ற நகரில் ஒரு வீட்டை வாங்கி வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். நாட்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தும் நோயாளர் வரவில்லை. முதல் மாத வருமானம் 4 டொலர். வயிற்றுப்பாட்டுக்காக அங்குள்ள பல்கலைக்கழகத்தில் மணித்தியாலத்துக்கு 2 டொலருக்குப் படிப்பிக்கப் போனார்.

அந்தப் படிப்பிப்புத்தான் அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது. 1920 ஒக்டோபர் இறுதியில், உடல் சீனியை எவ்வாறு பயன்படுத்துகிறது என்பது பற்றி அவர் மாணவர்களுக்கு விரிவுரை நடத்த வேண்டியிருந்தது. அவருக்கு அந்தப் பாடம் அவ்வளவாகத் தெரியாது. ஆயத்தம் செய்வதற்காக இரவில் ஒரு மருத்துவ சஞ்சிகையைப் புரட்டினார்.

அன்றைய காலத்தில் நீரிழிவைப் பற்றி என்ன தெரிந்திருந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். 1869இல் போல் லங்கர்ஹான்ஸ் என்ற ஜேர்மனிய மாணவர் சதையியை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, கடலில் தீவுகள் போல ஆங்காங்கே சிறு கலக்கூட்டங்கள் இருப்பதைக் கண்டார். அவற்றின் தொழில் அவருக்குத் தெரியவில்லை. 1889இல் மின்கோவ்ஸ்கி, வொன் மெரிங் என்ற இருவர் ஒரு நாயின் சதையியை முழுவதுமாக அகற்றியபோது அந்த நாய்க்கு நீரிழிவு வந்தது. ஆகவே சதையியில் சீனியைக் கட்டுப்படுத்தும் ஏதோ ஒன்று சுரக்கிறது, அது அந்தத் தீவுகளிலிருந்து வருகிறது என்று ஊகித்தார்கள். ஆனால் அதைப் பிரித்தெடுக்க முயன்றவர்கள் எவரும் நோயாளருக்குக் கொடுக்கக்கூடிய மருந்தாக அதை ஆக்கவில்லை.

அதனால் சீனி வருத்தம் வந்த பிள்ளைகளுக்கு அன்று மருந்தே இருக்கவில்லை. இருந்த ஒரே வழி பட்டினி. உணவை மிக மிகக் குறைத்தால் இரத்தத்தில் சீனி குறையும், சாவு சில மாதங்களோ ஓரிரு வருடங்களோ தள்ளிப்போகும். எலும்பும் தோலுமாகக் கட்டிலில் கிடக்கும் தம் பிள்ளைக்கு ஒரு துண்டு பாணைக்கூடக் கொடுக்க முடியாமல் தாய்மார் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

அன்றிரவு பான்டிங் படித்த கட்டுரை, சதையியின் கான் கல்லால் அடைபட்டால் என்ன நடக்கும் என்பதைப் பற்றியது. சமிபாட்டு நொதியங்களைச் சுரக்கும் கலங்கள் அழிந்துபோகின்றன, தீவுகள் மட்டும் எஞ்சுகின்றன. நித்திரை வராமல் புரண்ட பான்டிங் அதிகாலை 2 மணியளவில் எழுந்து தன் குறிப்புப் புத்தகத்தில் சில வரிகள் எழுதினார். நாயின் சதையிக் கானைக் கட்டிவிட்டு, நொதியக் கலங்கள் அழியும் வரை காத்திருந்து, எஞ்சியுள்ள தீவுகளிலிருந்து சாறு எடுக்க வேண்டும் என்பதே அந்த யோசனை. அதை எழுதும்போது நீரிழிவு என்ற நோயின் பெயரையே அவர் எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தார்.

அந்தக் குறிப்போடு ரொறன்ரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் மக்லியொட்டைச் சந்தித்தார். மக்லியொட் இத்துறையில் உலகப் புகழ் பெற்றவர். எதிரே அமர்ந்திருந்தவரோ ஆராய்ச்சி அனுபவமே இல்லாத ஓர் இளம் சத்திரசிகிச்சையாளர். பேராசிரியருக்கு நம்பிக்கை வரவில்லை. ஆயினும் ஓர் ஆய்வுகூடம், 10 நாய்கள், ஒரு மாணவ உதவியாளர் ஆகியவற்றை ஒரு கோடைகாலத்துக்குக் கொடுக்க இணங்கினார். உதவிக்கு இரண்டு மாணவர்கள் இருந்தார்கள். யார் முதலில் வேலை செய்வது என்று நாணயம் சுண்டிப் பார்த்ததில் சார்ள்ஸ் பெஸ்ட் வென்றார். அவருக்கு அப்போது 22 வயது.

1921 மே 17ஆம் திகதி வேலை தொடங்கியது. ஆரம்பம் மிகவும் மோசமாக இருந்தது. சத்திரசிகிச்சைகள் பிழைத்தன. முதல் கிழமைகளிலேயே பல நாய்கள் இறந்தன. மக்லியொட் ஸ்கொட்லாந்துக்கு விடுமுறையில் போய்விட்டார். கோடை வெக்கையில் கட்டடத்தின் மேல் மாடி அடுப்புப் போலக் கொதித்தது. பான்டிங்குக்கு அந்தக் கோடையில் சம்பளமும் இல்லை. இருவரும் மேலும் நாய்களை வாங்கி வேலையைத் தொடர்ந்தார்கள். பான்டிங் அறுவை செய்தார். பெஸ்ட் இரத்தத்தில் சீனியை அளந்தார்.

ஜூலை 30ஆம் திகதி சதையி அகற்றப்பட்ட ஒரு நாய்க்கு அவர்கள் தயாரித்த சாற்றை ஏற்றினார்கள். ஒரு மணித்தியாலத்தில் அதன் இரத்தச் சீனி நூற்றுக்கு 0.20இலிருந்து 0.12க்கு இறங்கியது. இன்றைய கருவிகள் காட்டும் கணக்கில் சொன்னால் 200இலிருந்து 120. அந்த நாய் மறுநாள் இறந்துவிட்டது. ஆனாலும் அந்த இறக்கம் உண்மையானது. ஓகஸ்டில் மஞ்சள் நிறக் கோலி இன நாயொன்றைச் சாற்றின் உதவியோடு ஏறத்தாழ 20 நாட்கள் வாழவைத்தார்கள். அது வாலை ஆட்டிக்கொண்டு ஆய்வுகூடத்தில் அவர்களோடு சுற்றித் திரிந்தது. அது இறந்தபோது தனக்குக் கண்ணீர் வந்ததாகவும், தனியே இருக்க விரும்பியதாகவும் பான்டிங் பின்னாளில் எழுதியிருக்கிறார். போர்க்களத்தில் எத்தனையோ மனிதரின் சாவைப் பார்த்தவர் அவர்.

இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குள் ஒரு சங்கடம் வந்ததை மறைக்க விரும்பவில்லை. தாகத்தால் தவித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவருக்குப் பாவமன்னிப்புக் கிடைத்தது என்றும், பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்டவள் தண்டிக்கப்பட்டாள் என்றும் மத்ரஸாவில் சிறுவயதிலிருந்தே படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த நாய்கள் எதையும் சம்மதித்து வரவில்லை. அவற்றின் சாவு இல்லாமல் என் உம்மம்மாவும் இல்லை, மணியும் இல்லை. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை அழிக்க முடியவில்லை. அந்தக் கடனை மறக்காமல் இருப்பது மட்டுமே எங்களால் செய்யக்கூடியது என்று நினைக்கிறேன்.

நவம்பரில் பான்டிங்கின் பண்ணை அனுபவம் கைகொடுத்தது. இறைச்சிக்கு அனுப்பும் பசுக்களைச் சினைப்படுத்தி அனுப்பும் வழக்கம் உண்டு என்பது அவருக்குத் தெரியும். பிறவாத கன்றின் சதையியில் தீவுகள் நிறைய இருக்கும், சமிபாட்டு நொதியங்கள் குறைவாக இருக்கும். கான் கட்டிக் கிழமைக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. இறைச்சித் தொழுவத்திலிருந்து அவற்றைக் கொண்டுவந்து மதுசாரத்தில் சாறு எடுத்தார்கள். பின்னர் வளர்ந்த மாட்டின் சதையியிலிருந்தே எடுக்கலாம் என்று கண்டார்கள். அதாவது, அதிகாலை 2 மணிக்குத் தோன்றிய அந்த யோசனை கடைசியில் தேவைப்படவே இல்லை. பிழையான வழியில் தொடங்கிய பயணம் சரியான இடத்தில் வந்து நின்றது. மார்ஜரி என்று பெயர் பெற்ற ஒரு நாய் அந்தச் சாற்றோடு சுமார் 70 நாட்கள் வாழ்ந்தது. இன்சுலின் முதன்முதலில் நாட்கணக்கில் வாழவைத்த உயிர் மனிதனல்ல, ஒரு பிராணி. மிருக வைத்தியர் மணிக்கு இன்சுலின் எழுதித் தந்ததில் புதுமை எதுவும் இல்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

டிசம்பரில் பேர்ட்ரம் கொலிப் என்ற உயிரிரசாயன அறிஞர் குழுவில் சேர்ந்தார். சாற்றைத் தூய்மைப்படுத்துவது அவருடைய பொறுப்பு. தன் சாற்றின் வலுவை அவர் முயல்களில் சோதித்தார். அதிகமாக ஏற்றப்பட்ட முயல்கள் வலிப்பு வந்து விழுந்தன. குளுக்கோசு ஏற்றியதும் எழுந்தன. இரத்தச் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கினால் என்ன நடக்கும் என்பதை அந்த முயல்களே அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தன.

இவ்வேளையில் பான்டிங்கின் குணத்திலிருந்த ஒரு குறையும் வெளிப்பட்டது. தான் தொடங்கிய வேலை மற்றவர்களின் கைக்குப் போய்விடுமோ என்று அவர் பயந்தார். மனிதனுக்கு ஏற்றப்படும் முதல் சாறு தானும் பெஸ்டும் தயாரித்ததாகவே இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். 1922 ஜனவரி 11ஆம் திகதி ரொறன்ரோ பொது வைத்தியசாலையில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அந்தச் சாறு ஏற்றப்பட்டது. பட்டினிச் சிகிச்சையில் 29 கிலோகிராம் அளவுக்கு மெலிந்து, சாவின் விளிம்பில் இருந்த பிள்ளை அவன். சீனி 440இலிருந்து 320க்கு மட்டுமே இறங்கியது. சாற்றிலிருந்த அழுக்கினால் ஊசி ஏற்றிய இடத்தில் சீழ்க்கட்டி வந்தது. சிகிச்சையை நிறுத்த வேண்டியதாயிற்று. அவசரம் தோற்றது.

கொலிப் இரவு பகலாக உழைத்தார். மதுசாரத்தின் செறிவை எந்த அளவுக்கு உயர்த்தினால் அழுக்கு விழும், எந்த அளவில் மருந்தே விழும் என்பதைப் படிப்படியாகக் கண்டுபிடித்தார். ஜனவரி 23ஆம் திகதி அவர் தூய்மையாக்கிய சாறு அதே சிறுவனுக்கு ஏற்றப்பட்டது. சீனி 520இலிருந்து 120க்கு வந்தது. லெனார்ட் கட்டிலை விட்டு எழுந்தான். அதன் பின் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். இலத்தீன் மொழியில் தீவு என்று பொருள்படும் சொல்லிலிருந்து அந்த மருந்துக்கு இன்சுலின் என்று பெயர் வைக்கப்பட்டது. லங்கர்ஹான்ஸ் கண்ட அந்தச் சிறு தீவுகளை நினைவுபடுத்தும் பெயர் அது.

வெற்றிக்குப் பின்னும் சோதனை ஓயவில்லை. பெரிய அளவில் தயாரிக்க முயன்றபோது மருந்து சரியாக வரவில்லை. 1922இன் முற்பகுதியில் சில மாதங்கள் இன்சுலின் கிடைக்காமலே போனது. கடும் முயற்சியின் பின்னரே மீண்டும் கைகூடியது. எலி லில்லி என்ற அமெரிக்க மருந்து நிறுவனம் உற்பத்தியில் சேர்ந்தது. பான்டிங்கின் வகுப்புத் தோழர் ஜோ கில்கிறிஸ்ட் ஒரு வைத்தியர், தாமே நீரிழிவு நோயாளர். புதிதாகத் தயாராகும் மருந்தைத் தன் உடலில் சோதித்துப் பார்க்க அவர் முன்வந்தார். அவ்வருட ஓகஸ்டில் அமெரிக்க இராஜாங்கச் செயலாளரின் மகள் எலிசபெத் ஹியூஸ் ரொறன்ரோவுக்கு அழைத்து வரப்பட்டாள். வயது 15ஐத் தொட்டிருந்தது, நிறை 20 கிலோகிராம் அளவே இருந்தது. பான்டிங்கின் சிகிச்சையில் சில கிழமைகளிலேயே உடம்பு தேறினாள். பிற்காலத்தில் திருமணம் செய்து, பிள்ளைகள் பெற்று, 1981 வரை வாழ்ந்தார்.

இனி நான் தேடிய கோட்டுக்கு வருகிறேன். ஒவ்வொரு தடவை தயாரிக்கும்போதும் மருந்தின் வலு வேறுபட்டது. இத்தனை மில்லிலீட்டர் என்று சொல்வதில் பயனில்லை. அதனால் முயலையே அளவுகோலாக வைத்தார்கள். ஒரு நாள் பட்டினி இருந்த 2 கிலோகிராம் நிறையுள்ள முயலின் இரத்தச் சீனியை 45க்கு, அதாவது வலிப்பு வரக்கூடிய மட்டத்துக்கு, இறக்கும் இன்சுலினின் அளவு ஓர் அலகு எனப்பட்டது. அது பெரிய அளவாக இருந்ததால் பின்னர் அதன் மூன்றில் ஒரு பங்கே ஓர் அலகு என்று சர்வதேச ரீதியில் தீர்மானிக்கப்பட்டது. இன்று சிரிஞ்சில் நாம் பார்க்கும் கோட்டின் பிறப்பு அதுதான். மணியின் நிறை இப்போது 4 கிலோகிராம். அன்று மாலை அதன் சீனி 41. பெயர் தெரியாத ஒரு முயல் ரொறன்ரோவில் விழுந்த அதே இடத்தில் எங்கள் பூனையும் விழுந்து எழுந்திருக்கிறது. நான் ஏற்றிய அளவு பிழையில்லை. சாப்பாடு இல்லாத வயிற்றுக்கு அந்தச் சரியான அளவே பிழையாகிவிட்டது.

1923 ஜனவரியில் பான்டிங், பெஸ்ட், கொலிப் ஆகிய மூவரும் செய்த செயலை எந்தக் காலத்திலும் மறக்கக் கூடாது. இன்சுலினின் காப்புரிமையைத் தலா ஒரு டொலருக்கு ரொறன்ரோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். வேறெவரும் அதைத் தனியுடைமையாக்கி விலையேற்றிவிடக் கூடாது என்பதே நோக்கம். முதல் மாதத்தில் 4 டொலர் உழைத்த மனிதருக்கு அந்த உரிமை எத்தனை இலட்சம் டொலர்களைக் கொடுத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

அதே ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு பான்டிங்குக்கும் மக்லியொட்டுக்கும் கிடைத்தது. பான்டிங்குக்கு வயது 32. மருத்துவத்துக்கான நோபல் பரிசை அவரைவிட இளவயதில் பெற்றவர் இன்றுவரை இல்லை. ஆனால் தன்னோடு வியர்வை சிந்திய பெஸ்டின் பெயர் இல்லாததைக் கண்டு அவர் கொதித்துப் போனார். பரிசுப் பணத்தில் பாதியைப் பெஸ்டுக்குக் கொடுத்தார். மக்லியொட்டும் தன் பங்கில் பாதியைக் கொலிப்புக்குக் கொடுத்தார். மக்லியொட் வழிகாட்டியிராவிட்டால் அந்த வேலை முடிந்திராது என்பதைப் பான்டிங் மனதார ஏற்றுக்கொள்ளவில்லை. அவருடைய பெருந்தன்மைக்குப் பக்கத்திலேயே இந்தக் கசப்பும் இருந்தது. ருமேனியாவில் நிக்கொலாய் பவுலெஸ்கு என்ற அறிஞரும் அதே காலத்தில் சதையிச் சாற்றால் நாய்களின் சீனியை இறக்கிக் காட்டி ஆய்வு வெளியிட்டிருந்தார். புகழ் அவருக்குப் போய்ச் சேரவில்லை. ஒரு கண்டுபிடிப்புக்குப் பின்னால் எத்தனை கைகள் இருக்கின்றன என்பதற்கு இன்சுலின் ஒரு நல்ல உதாரணம்.

கனடா அரசாங்கம் பான்டிங்குக்கு வருடத்துக்கு 7,500 டொலர் வாழ்நாள் கொடுப்பனவாக வழங்கியது. 1934இல் சேர் பட்டம் கிடைத்தது. புற்றுநோய், சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல் நோய் ஆகியவற்றில் ஆராய்ச்சி செய்தார். இன்சுலினுக்கு நிகரான இன்னொரு கண்டுபிடிப்பு அவருக்கு வாய்க்கவில்லை. புகழின் சுமையிலிருந்து தப்ப ஓவியம் தீட்டினார். ஏ. வை. ஜக்சன் என்ற புகழ்பெற்ற ஓவியரோடு 1927இல் ஆர்க்டிக் பனிப்பிரதேசம் வரை போய் வரைந்தார்.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் மீண்டும் சீருடை அணிந்தார். விமானிகளின் உடல்நலம் பற்றிய ஆராய்ச்சியில் ஈடுபட்டார். 1941 பெப்ரவரி 20ஆம் திகதி இங்கிலாந்துக்குப் போவதற்காக நியூபவுண்ட்லாந்திலிருந்து ஒரு போர் விமானத்தில் ஏறினார். புறப்பட்ட சிறிது நேரத்தில் விமானம் பனிக்காட்டில் விழுந்தது. விமானி மட்டும் உயிர் தப்பினார். காயப்பட்ட பான்டிங் மறுநாள் இறந்தார். அவருக்கு வயது 49.

அவர் இறந்த பின்னும் இன்சுலினின் கதை வளர்ந்தது. 51 அமினோ அமிலங்களைக் கொண்ட சிறிய புரதம் அது என்று கண்டறியப்பட்டது. நாயின் இன்சுலினும் பன்றியின் இன்சுலினும் ஒன்றே. பூனையின் இன்சுலின் மாட்டின் இன்சுலினிலிருந்து ஒரேயோர் அமினோ அமிலத்தால் மட்டும் வேறுபடுகிறது. பல்லாண்டுகளாக மாடு, பன்றி ஆகியவற்றின் சதையியிலிருந்தே மருந்து எடுக்கப்பட்டது. 1982 முதல் பற்றீரியாவைக் கொண்டு தயாரித்த மனித இன்சுலின் பாவனைக்கு வந்தது. தனக்கு ஊசி தொடங்கிய நாளில் இது எதிலிருந்து எடுத்தது என்று உம்மம்மா கவலையோடு கேட்டதும், வைத்தியர் பொறுமையாக விளக்கியதும் எனக்கு நினைவிருக்கிறது.

எல்லாம் இருந்தும் இன்சுலின் நோயைக் குணப்படுத்துவதில்லை. அது ஒரு நாளை மட்டுமே தருகிறது. அடுத்த நாளை மறுபடியும் யாராவது அளந்து கொடுக்க வேண்டும். பான்டிங்குக்கு அது தெரியும். லண்டன் நகரில் அவர் நோயாளருக்காகக் காத்திருந்த வீடு இன்று ஒரு நினைவில்லம். அதன் முன்னால் 1989 முதல் ஒரு சுடர் எரிந்துகொண்டிருக்கிறது. நீரிழிவுக்கு முழுமையான குணம் கிடைக்கும் நாளில்தான் அதை அணைப்பார்களாம்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு கொப்பி இருக்கிறது. திகதி, நேரம், சாப்பிட்டதா, எத்தனை அலகு, யார் ஏற்றியது என்று ஐந்து நிரல்கள். காலை 6.30க்கும் மாலை 6.30க்கும் மணி முதலில் சாப்பிட வேண்டும், அதன் பிறகே ஊசி. எழுதாமல் எவரும் போத்தலைத் தொடக் கூடாது. இல்லாவிட்டால் வாப்பா ஏற்றியது தெரியாமல் நானும் ஏற்றிவிடலாம். போத்தலைக் குலுக்காமல் கைகளுக்கிடையில் மெதுவாக உருட்ட வேண்டும். அது உறைந்துவிடக் கூடாது. ஒரு நாள் சீனி கூடிவிட்டது என்பதற்காக அவசரப்பட்டு அளவைக் கூட்டக் கூடாது. பயந்தாலே பூனைக்குச் சீனி ஏறும். ஒரு கிழமையாவது பொறுத்து, தண்ணீர் குடிப்பதையும் நிறையையும் கவனித்து, வைத்தியர் சொன்னால் மட்டுமே மாற்ற வேண்டும். ஆரம்பத்திலேயே ஒழுங்காகக் கட்டுப்படுத்தினால் சில பூனைகளுக்குக் காலப்போக்கில் இன்சுலின் தேவைப்படாமலே போவதுண்டு என்று வைத்தியர் சொன்னார். மணிக்கு இன்னும் அந்த நாள் வரவில்லை.

ஒரு பூனைக்கு இவ்வளவு பாடு எதற்கு என்று வீட்டுக்கு வரும் மாமி கேட்பார். முன்பு நான் பதில் சொல்லாமல் சிரித்துவிடுவேன். இப்போது அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு கதை இருக்கிறது. பரீட்சையில் தோற்ற ஒரு மாணவர், சம்பளமில்லாத ஒரு கோடைகாலம், மார்ஜரி என்ற ஒரு நாய், விழுந்து எழுந்த முயல்கள், ஒரு டொலர். இவ்வளவும் சேர்ந்துதான் அந்தச் சிறிய கோடு. நேற்று மாலையும் கொப்பியில் எழுதினேன்: 6.30, சாப்பிட்டது, ஓர் அலகு.